பலெர்மோவில் ஒரு நாள், பார்ப்பதும் சாப்பிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. நான் அங்கே மூன்று முறை போய் வந்ததிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் மாறி மாறிக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலோருக்கு அந்த ஊரில் கிடைப்பது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் போதுமா?

பழைய நகரத்தைவிட்டு வெளியே ஓடாமல் இருந்தால் போதும். மேற்கே அரண்மனையில் தொடங்கி கிழக்கே கடல் வரை ஒரே நேர்த்தெரு போகிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பார்க்க வேண்டியவற்றில் முக்கால் பங்கு இந்தத் தெருவிலோ அதிலிருந்து பத்து நிமிட நடையிலோ இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் போங்கள் என்று சொல்வேன். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

உண்மையிலேயே பழைய ஊரா? கட்டடங்களெல்லாம் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்குள்தானே தெரிகின்றன?

கண்ணுக்குத் தெரிவதற்கும் அடியில் கிடப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பினீசிய வணிகர்கள் இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே இருந்த மேட்டில் குடியேறினார்கள். கெமோனியா, பாபிரெத்தோ என்ற அந்த இரண்டு ஆறுகளும் இன்று தெருக்களுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. பினீசியர் வைத்த பெயர் ‘ஸீஸ்’. பூ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கிரேக்கர் ‘பனோர்மோஸ்’ என்றார்கள். எங்கும் துறைமுகம் என்று பொருள். கி.மு. 254இல் ரோமர்கள் கைப்பற்றினார்கள். கி.பி. 831இல் அரபுகள் வந்தபோது அந்தப் பெயர் ‘பலர்ம்’ ஆனது. அதுவே இன்றைய பலெர்மோ. 1072இல் வடக்கேயிருந்து வந்த நார்மன்கள் பிடித்தார்கள். 1130ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இரண்டாம் ரோஜர் இங்கே சிசிலியின் மன்னனாக முடிசூடினான்.

நேர்த்தெரு என்றேனே, அதன் பழைய பெயர் கஸ்ஸாரோ. கோட்டை என்று பொருள்படும் ‘அல்-கஸ்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் தெரு அரபுகளுக்கும் முந்தியது. பினீசியர் காலத்திலிருந்தே இந்த ஊரின் முதுகெலும்பு அதுதான். அதில் நடக்கும்போது இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளாக மனிதர்கள் நடந்த தடத்தில்தான் நாமும் நடக்கிறோம்.

காலையில் முதலில் எங்கே போவது?

தயக்கமே வேண்டாம், நார்மன் அரண்மனைக்குப் போங்கள். திறக்கும் நேரத்திலேயே வாசலில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கப்பல்களில் வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்துவிடுவார்கள்.

அரண்மனையின் மாடியில் கப்பெல்லா பலாட்டினா என்ற அரச ஆலயம் இருக்கிறது. இரண்டாம் ரோஜர் கட்டியது, 1140இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் எல்லோர் கண்ணும் சுவரில் இருக்கும் தங்கத்தின் மீதே போகும். பொன் பூசிய கண்ணாடித் துணுக்குகளைப் பதித்துப் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின் கிரேக்க) மரபில் வந்த கலைஞர்கள் செய்த மொசைக் சித்திரங்கள் அவை. அதிலேயே மயங்கி நின்றுவிடாமல் தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். நடுக்கூடத்தின் கூரை மரத்தால் ஆனது. தேன்கூட்டு அறைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள். இஸ்லாமியக் கட்டடக் கலையில் இதற்கு ‘முகர்னஸ்’ என்று பெயர். ஒவ்வொரு குழிவிலும் ஓவியம் இருக்கிறது. வாத்தியம் வாசிப்பவர்கள், கோப்பை ஏந்தியவர்கள், சதுரங்கம் ஆடும் இருவர். நடுவே அரபு எழுத்துகள். கிறிஸ்தவ மன்னன் தன் வழிபாட்டு இடத்தின் கூரையை முஸ்லிம் கலை மரபில் வேய்ந்திருக்கிறான்; சுவரைக் கிரேக்கக் கலை மரபில் நிறைத்திருக்கிறான். வெறும் கண்ணுக்குக் கூரை எட்டாது. கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தச் சதுரங்கக் காய்கள்கூடத் தெரியும். நான் அரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்தே நின்றேன்.

வெளியே வரும்போது சுவரில் பதித்த ஒரு கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். 1142இல் ரோஜர் ஒரு நீர்க்கடிகாரம் செய்வித்த செய்தியை லத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கடிகாரத்துக்கு மூன்று மொழி! அன்றைய பலெர்மோவின் குணம் முழுவதும் அந்த ஒரு கல்லில் இருக்கிறது.

அரண்மனைக்கு அடியில் பினீசியர் காலத்து நகரச் சுவரின் எச்சங்களும் உண்டு. இன்று சிசிலியின் மாகாணச் சட்டமன்றம் இந்த அரண்மனையில்தான் இயங்குகிறது. ஆகவே மன்றம் கூடும் நாட்களில் அரச அறைகளைப் பார்க்க முடியாது; ஆலயத்தை மட்டும் பார்க்கலாம். ஞாயிறு காலையில் ஆலயத்தில் திருப்பலி நடக்கும் நேரத்திலும் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

ஆடை விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைக்குப் பிறகு எந்த வழியாக நடப்பது?

கஸ்ஸாரோவில் கடலை நோக்கி இறங்குங்கள். ஐந்து நிமிடத்தில் கதீட்ரல் வரும். 1185இல் எழுப்பியது, அதற்கு முன் அங்கே மசூதி இருந்தது, மசூதிக்கும் முன் இன்னொரு தேவாலயம் இருந்தது. உட்புறம் பிற்காலத்தில் மாற்றப்பட்டு வெறிச்சென்று இருக்கிறது. அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தெற்கு வாசல் மண்டபத்தின் இடப்பக்கத் தூணைப் பாருங்கள். அதில் திருக்குர்ஆன் வசனம் ஒன்று அரபு எழுத்தில் பொறித்திருக்கிறது. கடவுள் இரவால் பகலை மூடுவதைச் சொல்லும் வசனம். பழைய கட்டடத்துத் தூணை எடுத்து வைத்தவர்கள் அந்த எழுத்தைச் செதுக்கி எறியவில்லை. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவக் கோயிலின் வாசலில் அது அப்படியே நிற்கிறது.

இன்னும் பத்து நிமிடம் நடந்தால் குவாட்ரோ கான்ட்டி என்ற நாற்சந்தி. நான்கு மூலைகளிலும் உள்வளைந்த நான்கு முகப்புகள். கீழே பருவங்கள், நடுவே ஸ்பானிய மன்னர்கள், மேலே நகரைக் காக்கும் பெண் புனிதர்கள். பக்கத்திலேயே பிரெத்தோரியா நீரூற்று. பிளாரன்ஸ் நகரில் ஒரு தோட்டத்துக்காகச் செய்ததை 1573இல் பலெர்மோ விலைக்கு வாங்கித் துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்தது. சிலைகளெல்லாம் ஆடையின்றி நிற்பதால் ஊர்க்காரர்கள் அதை ‘வெட்கச் சதுக்கம்’ என்று அழைக்கிறார்கள்.

அதற்குப் பின்னால் இருக்கும் மார்த்தோரானா தேவாலயத்தைப் பகல் ஒரு மணிக்குள் பார்த்துவிடுங்கள். இங்கே பல தேவாலயங்களை மதியத்தில் பூட்டிவிடுவார்கள். ரோஜரின் கடற்படைத் தளபதியான அந்தியோக்கியா ஜார்ஜ் கட்டியது அது. கிறிஸ்துவே தன் கையால் ரோஜருக்கு முடிசூட்டும் மொசைக் அங்கே இருக்கிறது. அரசனின் அதிகாரம் போப்பாண்டவரிடமிருந்து வரவில்லை, நேராகக் கடவுளிடமிருந்து வந்தது என்று சொல்லும் அரசியல் சித்திரம். 1184இல் இங்கே வந்த ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் இந்தத் தேவாலயத்தின் அழகைப் புகழ்ந்திருக்கிறார். கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்தியிருந்தார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறார்.

பல்லாரோ சந்தை பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, வெறும் காய்கறிச் சந்தைதானே?

காய்கறிச் சந்தைதான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளாக அதே இடத்தில் நடக்கும் காய்கறிச் சந்தை. மார்த்தோரானாவிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. வெயிலுக்குச் சிவப்புத் துணிப் பந்தல். அதன் கீழே எல்லாமே சிவந்து தெரியும். கத்திமீனின் தலையை வாள் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு முழ நீளத்துக்கும் மேலே வளர்ந்த வெளிர்பச்சைச் சுரைக்காய் குவிந்து கிடக்கும். அதன் கொழுந்தைத் தனியாகக் கட்டி விற்பார்கள். தெனெரூமி என்று பெயர். சூப் வைக்கிறார்கள்.

கடைக்காரர்கள் போடும் கூவலுக்கு ‘அப்பன்னியாத்தா’ என்று பெயர். பாதி பாட்டு, பாதி அதட்டல். மொழி புரியாவிட்டாலும் கோயம்பேட்டிலோ மாட்டுத்தாவணியிலோ வளர்ந்த காதுக்கு அதன் இழுவை புரியும்.

சந்தையின் பெயர் ‘சூக் அல்-பல்ஹரா’ என்பதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பல்ஹரா என்பது பக்கத்தில் இருந்த ஒரு கிராமத்தின் பெயர் என்பது ஒரு கருத்து. நம் தக்காணத்தை ஆண்ட இராஷ்டிரகூட மன்னர்களின் ‘வல்லபராஜா’ என்ற பட்டத்தை அரபு எழுத்தாளர்கள் ‘பல்ஹரா’ என்று எழுதினார்கள். இந்தியச் சரக்கு விற்ற சந்தை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பது இன்னொரு கருத்து. எது சரியென்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்யட்டும். அந்தச் சந்தையில் ஏலக்காய் வாசம் வந்தபோது எனக்கு இரண்டாவதன் பக்கம்தான் மனம் சாய்ந்தது.

முதலில் எதைச் சாப்பிட வேண்டும்?

பனெல்லே. வேறு எதைச் சாப்பிடாவிட்டாலும் இதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

கடலை மாவுதான். தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, அடுப்பில் வைத்துக் களி கிண்டுவதுபோல விடாமல் கிண்டுகிறார்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது பொடியாக நறுக்கிய பார்ஸ்லி இலையைத் தூவி, சூடாக இருக்கும்போதே மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுகிறார்கள். இறுகியதும் துண்டுபோட்டுக் கொதிக்கும் எண்ணெயில் போடுகிறார்கள். ஓரம் மொறுமொறுவென்று பொன்னிறமாகும்; நடுப்பகுதி வெண்ணெய்போல் இளகியிருக்கும். பஜ்ஜிக்குள் இருக்கும் காயை எடுத்துவிட்டு மாவையே காயாக்கியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் இல்லை, பெருங்காயம் இல்லை. கடலை மாவின் சொந்தச் சுவை மட்டும்.

இதில் நான்கைந்தை எள் தூவிய உருண்டை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். மேலே எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், மிளகுத்தூள் போடச் சொல்லுங்கள். புதினா சேர்த்த உருளைக்கிழங்கு உருண்டைகளும் உடன் கிடைக்கும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். சூடு ஆறினால் ரசமில்லை. ஆகவே ஏற்கெனவே பொரித்து அடுக்கி வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போய், எண்ணெயில் இப்போது எது வேகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பட்டினி இல்லை, ஆனால் விழிப்பு வேண்டும். என் அக்கா சுத்த சைவம். முதல் நாள் ஒரு கடையில் ‘அல் பூர்ரோ’ என்று எழுதியிருந்த அரஞ்சினாவை, பூர்ரோ என்றால் வெண்ணெய்தானே என்று நம்பி வாங்கிக் கொடுத்தேன். அரஞ்சினா என்பது சோற்றை உருட்டி நடுவே பூரணம் வைத்துப் பொரிக்கும் பெரிய உருண்டை. அக்கா இரண்டாவது வாய் கடித்ததும் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. பன்றி இறைச்சித் துணுக்கு. வெண்ணெய் அரஞ்சினாவில் அதைச் சேர்ப்பதுதான் இங்கே வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அக்கா அன்று இரவு வரை ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். “சென்ட்சா கார்னே” (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் கேட்டால் போதாது. பன்றித் தொடைக்கறியையும் நெத்திலியையும் பலர் ‘இறைச்சி’ கணக்கில் சேர்ப்பதில்லை. “சென்ட்சா ப்ரோஷூட்டோ, சென்ட்சா அச்சூகே” என்று சேர்த்துக் கேளுங்கள். முதலாவது தொடைக்கறி, இரண்டாவது நெத்திலி. ஸ்ஃபிஞ்சோனே என்ற தடித்த ரொட்டி பார்க்கத் தக்காளியும் வெங்காயமும் போட்ட சைவப் பண்டம்போல இருக்கும். நெத்திலி உள்ளே கரைந்திருக்கும். பாலாடை நிரப்பிய குழல் இனிப்பான கன்னோலியின் வெளி ஓட்டைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது பழைய முறை, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம்பிக்கையோடு சாப்பிடக்கூடியவை என்றால் பனெல்லே (எண்ணெய்ச் சட்டியில் வேறு எதுவும் பொரிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்), கபோனாத்தா, பழங்கள், பிஸ்தா ஐஸ்கிரீம். கபோனாத்தா என்பது பொரித்த கத்தரிக்காயோடு செலரித் தண்டு, ஆலிவ், கேப்பர் மொட்டு, தக்காளி சேர்த்து வினிகரும் சர்க்கரையும் விட்டுச் சுண்ட வைப்பது. ஆறிய பிறகுதான் சாப்பிடுவார்கள். சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சு சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புளிப்பும் இனிப்பும் உடனே பிடித்துப்போகும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு?

துணிச்சல் இருந்தால் ‘பானி கா மேவுசா’. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிய வில்லைகளாக அரிந்து, பன்றிக் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைப்பது. கடைக்காரர் “ஸ்கியெத்தாவா, மரித்தாத்தாவா?” என்று கேட்பார். முதலாவது ‘கன்னி’, எலுமிச்சை மட்டும். இரண்டாவது ‘மணமானவள்’; வெண்பாலாடைபோல ரிக்கோட்டாவும் சீவிய பாலாடைக்கட்டியும் மேலே வரும். ஈரல் வறுவல் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு எலுமிச்சை போட்டதுதான் பிடித்தது. பாலாடை அந்த வாசத்தை அமுக்கிவிடுகிறது. மாட்டிறைச்சியையோ பன்றிக் கொழுப்பையோ தவிர்ப்பவர்கள் கவனிக்கவும்.

சந்தை மூலையில் புகை மூட்டம் தெரிந்தால் அங்கே ஸ்டிக்கியோலா சுடுகிறார்கள். வெங்காயத் தாளைச் சுற்றி ஆட்டுக்குடலைக் கட்டிக் கரி நெருப்பில் வாட்டியது. குடலைக் கழுவும் பக்குவம் தெரிந்தவர் கையால் சாப்பிட்டால் அமிர்தம்.

மீன் வேண்டுமென்றால் உணவகத்தில் உட்கார்ந்து ‘பாஸ்தா கோன் லே சார்தே’ கேளுங்கள். மத்தி மீன், காட்டுச் சோம்புத் தழை, உலர்திராட்சை, பைன் பருப்பு, குங்குமப்பூ எல்லாம் சேர்ந்தது. மத்தியில் திராட்சையா என்று முகம் சுளிக்காதீர்கள். அரபுக் காலத்துச் சமையலின் தடம் அது என்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் ‘கோப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ தனியாகச் சேர்ப்பார்கள். அது ஏமாற்று அல்ல, அங்கே வழக்கம்.

அரஞ்சினாவா, அரஞ்சினோவா?

பலெர்மோவில் அரஞ்சினா, பெண்பால். தீவின் கிழக்கே கத்தானியாவில் அரஞ்சினோ, ஆண்பால். பலெர்மோக்காரரிடம் ஆண்பாலில் கேட்டுவிடாதீர்கள். டிசம்பர் 13, புனித லூசியா நாளில் இந்த ஊர் ரொட்டியையும் பாஸ்தாவையும் தொடாது. ஊரே அரஞ்சினா சாப்பிடும்.

அந்த மூன்று சக்கர வண்டியில் என்ன விற்கிறார்கள்?

ஸ்ஃபிஞ்சோனே. நம் ஊரில் ஓடும் அதே ஆப்பே வண்டிதான். கூரையில் ஒலிபெருக்கி வைத்து, பதிவுசெய்த குரலில் “இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தேன், இப்போதுதான்!” என்று சிசிலிய மொழியில் கூவிக்கொண்டே போகும்.

இனிப்பு?

கன்னோலியை வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: ஆட்டுப்பால் ரிக்கோட்டாவை உங்கள் கண்முன்னே ஓட்டுக்குள் நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் ஓடு நமுத்துப் போயிருக்கும். மார்த்தோரானாவுக்கு எதிரே புனித கத்தரீனா மடத்தின் முற்றத்துக்குள் ஓர் இனிப்புக் கடை இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் மடங்களில் காத்து வந்த செய்முறைகளின்படி செய்கிறார்கள். ஒரு கன்னோலி அரை சாண் நீளம், கை கனக்கும். இருவருக்கு ஒன்று போதும். ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

வாதுமைப் பருப்பு அரைத்துச் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, மாதுளை, அத்தி, எலுமிச்சை என்று அச்சு அசலாகப் பழங்களாகவே செய்து வண்ணம் தீட்டுவார்கள். அதற்கு மார்த்தோரானா பழம் என்றே பெயர். அந்தத் தேவாலயத்தை ஒட்டிய மடத்தில் பிறந்தது. கோடையில் போனால் ‘ஜேலோ தி மெல்லோனே’ கேளுங்கள். தர்பூசணிச் சாற்றை மாவு சேர்த்துக் காய்ச்சி இறுக்கியது. அதில் மல்லிகைப் பூவின் வாசம் ஏற்றியிருப்பார்கள். மேலேயும் இரண்டு பூ இருக்கும். நாம் தலையில் சூடுவது அங்கே வாய்க்குள் போகிறது.

நடந்து களைத்தால் எங்கே உட்காரலாம்?

கடலுக்குப் பக்கத்தில் மரீனா சதுக்கத்தின் பூங்காவில். அங்கே இருக்கும் மரத்தைப் பார்த்ததும் ஆலமரம் என்று கூவிவிடுவீர்கள். ஆல், அரசு, அத்தி குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம். 19ஆம் நூற்றாண்டில் நட்டது. விழுதுகள் தரையில் ஊன்றித் தூண்களாகி, வேர்கள் யானைக் கால்களைப் போலப் புடைத்துக் கிடக்கின்றன. ஐரோப்பாவின் மிகப் பெரிய மரங்களில் ஒன்று. ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை பல கடைகளை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு பகுதியை இங்கே கழியுங்கள்.

மாஃபியா ஊர் என்கிறார்களே, பயமில்லையா?

பயணிக்குப் பயமில்லை. கூட்டத்தில் கைபேசியையும் பணப்பையையும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் இந்தக் கேள்விக்கு நான் அத்தோடு நிறுத்த விரும்பவில்லை. நீங்கள் இறங்கும் விமான நிலையத்துக்கு ஃபால்கோனே, பொர்செல்லீனோ என்ற இரண்டு நீதிபதிகளின் பெயர். இருவரும் பலெர்மோவில் பிறந்தவர்கள். மாஃபியாவை நீதிமன்றத்தில் நிறுத்தியவர்கள். 1992 மே 23 அன்று விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலையில், கபாச்சி என்ற இடத்தில் சாலைக்கு அடியில் குண்டு வைத்து ஃபால்கோனேயையும் அவர் மனைவியையும் மூன்று பாதுகாவலர்களையும் கொன்றார்கள். 57 நாள் கழித்து பொர்செல்லீனோவையும் ஐந்து பாதுகாவலர்களையும் நகருக்குள்ளேயே கொன்றார்கள். கபாச்சியைக் கடக்கும்போது சாலையின் இரு பக்கமும் நினைவுத் தூண்கள் தெரியும். ஃபால்கோனேயின் கல்லறை சான் தொமேனிக்கோ தேவாலயத்தில் இருக்கிறது. வழியில்தான், ஒரு நிமிடம் நின்று வாருங்கள்.

2004இல் சில இளைஞர்கள் ஒரே இரவில் நகரெங்கும் ஒரு சிறு தாளை ஒட்டினார்கள். மாமூல் கட்டும் மக்கள் மானமில்லாத மக்கள் என்பது அதன் சாரம். அப்படித் தொடங்கியதுதான் ‘அத்தியோபிட்சோ’ இயக்கம். மாமூல் கட்ட மறுக்கும் கடைகள் அதன் அடையாளத்தை வாசலில் ஒட்டியிருக்கும். முடிந்தால் அந்தக் கடைகளில் வாங்குங்கள். மாஃபியா தலைவன் படம் போட்ட பனியனும் காந்தப் பொம்மையும் விற்பார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த மாஃபியாவிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அதே தெருவில் வாழ்கிறார்கள்.

பழைய நகரத்துக்கு வெளியே ஒரே ஓர் இடம் என்றீர்களே?

பெல்லெக்ரீனோ மலை. நகரின் வடக்கே கடலை ஒட்டி நிற்கும் சுமார் 600 மீட்டர் உயர மலை. அதன் மேல் ஒரு குகை; குகைக்குள் புனித ரொசாலியாவின் கோயில்.

ரொசாலியா 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவள். பிரபுக் குடும்பத்துப் பெண், எல்லாவற்றையும் துறந்து இந்தக் குகையில் தனித்திருந்து இறந்தாள் என்பது மரபு. 1624இல் பிளேக் நோய் ஊரைச் சூறையாடியபோது மலைமேல் அவளது எலும்புகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு ஜூனில் அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். நோய் தணிந்தது என்று ஊர் நம்பியது. இன்றும் ஜூலை 14 இரவில் அவளைப் பெரிய தேரில் வைத்து கஸ்ஸாரோ வழியாகக் கடல் வரை கொண்டுபோகிறார்கள். நாற்சந்தியில் தேர் நிற்கும். மேயர் அதன்மேல் ஏறிப் பூ வைத்து “பலெர்மோ வாழ்க, சான்டா ரொசாலியா வாழ்க” என்று முழங்குவார். செப்டம்பர் 4 நெருங்கும்போது மக்கள் மலைக்குக் கால்நடையாக ஏறுவார்கள், பலர் வெறுங்காலோடு.

நம்மவர்களுக்கு இதில் என்ன? 1980களிலிருந்து இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலெர்மோவில் குடியேறின. வீட்டு வேலை, கடை வேலை என்று தொடங்கி ஊரோடு ஊராக வேரூன்றினார்கள். அவர்களில் சைவர்கள் உட்படப் பலர் ரொசாலியாவைத் தங்கள் தாயாக ஏற்றுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கல்பாதையில் குடும்பம் குடும்பமாக ஏறி வருகிறார்கள். குன்று, குகை, தனித்திருக்கும் பெண் தெய்வம், வேண்டுதல், பாத யாத்திரை என்றால் தமிழ் மனத்துக்கு வேறு விளக்கம் எதற்கு?

நான் போனது ஒரு ஞாயிறு காலை. குகைக்குள் நுழைந்தால் வெளியே இருக்கும் வெயில் அப்படியே அற்றுப்போகிறது. கூரைப் பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீர் தரையில் விழாமல் இருக்கத் தகரத் தகடுகளை வளைத்துப் பாறையெங்கும் கிளை கிளையாக ஓடவிட்டிருக்கிறார்கள். நீர் அவற்றின் வழியே ஓடி ஒரு தொட்டியில் சேர்கிறது. பலிபீடத்துக்கு அடியில் கண்ணாடிக்குள் சாய்ந்து படுத்திருக்கும் பளிங்குப் பெண், அவளுக்குப் பொன்னாடை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “தம்பி எவடம், இந்தியாவோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “முதல் தரமோ? அப்ப மூண்டு காரியம் கேளுங்கோ, தருவா” என்றார்.

பஸ்ஸிலும் போகலாம். நடந்தால் ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். ஒரே நாள் திட்டத்தில் பிற்பகல் மூன்றரைக்குப் புறப்பட்டு பஸ்ஸில் ஏறி, இறங்கும்போது நடந்தால் சரியாக இருக்கும். வழியெல்லாம் துறைமுகம் காலடியில் தெரியும்.

மொன்ரேயாலே கதீட்ரலை விட்டுவிடுவதா?

ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் தங்க மொசைக் இருக்கும் இடத்தை விடச் சொல்ல மனம் வரவில்லைதான். ஆனால் ஒரே நாளில் அதுவும் மலையும் முடியாது. இரண்டாவது நாள் இருந்தால் முதல் வேலையாக அங்கே போங்கள்; நகரிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான்.

கப்பூச்சின் நிலவறை பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?

வேண்டாம். ஆயிரக்கணக்கான பதப்படுத்திய உடல்கள் உடையோடு சுவரில் நிற்கும் இடம். குழந்தைகள் உடலும் உண்டு.

எந்த மாதம் நல்லது? பஸ் டிக்கெட் எங்கே வாங்குவது?

ஏப்ரல் முதல் ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று சென்னைக் கத்திரி வெயிலை நினைவூட்டும். தேருக்காகப் போகிறவர்கள் மட்டும் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடைகளில் வாங்கி, வண்டியில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். பழைய நகரத்துக்குள் கார்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

மாலையில் மலையிலிருந்து இறங்கிய பிறகு?

மாஸ்ஸிமோ நாடக அரங்கின் படிகளில் உட்காருங்கள். 1897இல் திறந்தது, இத்தாலியிலேயே பெரிய இசைநாடக அரங்கு. பழுதுபார்ப்பதற்காக 1974இல் மூடி, 23 ஆண்டுகள் கழித்துத்தான் திறந்தார்கள். எதிரே ஊர் முழுவதும் நடந்து போகும். எட்டு மணிக்கு முன் இரவு உணவு கேட்காதீர்கள், அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

பந்தெல்லேரியாத் தீவின் உப்பிட்ட கேப்பர் மொட்டு, ப்ரோந்தே ஊரின் பச்சைப் பிஸ்தா, த்ராப்பானியின் கடலுப்பு. எல்லாம் பல்லாரோவிலேயே கிடைக்கும். பூவோடும் தண்டோடும் காயவைத்து முடிந்த ஓரிகானோக் கட்டு விலை மலிவு. செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள். அக்கா வாங்கி வந்ததை வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை மாவு கிண்டும்போது அதிலிருந்து ஒரு கிள்ளு உதிர்த்துப் போடுகிறார்.